பாலாறு கடலில் சேரும் இடத்தில் உள்ளான் பறவைகளை எண்ணுவது எப்படி? வேலூரில் இருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே எட்டிப் பார்த்தால் பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் போல எப்போதாவது ஒருமுறை ஆறு தன் முழு உருவத்தைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். இந்த மணல் தடம் கிழக்கே போய், காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைத் தொடுகிறது. சைபீரியாவின் துருவச் சமவெளியில் முட்டையிலிருந்து வெளிவந்த பறவைகள் அங்குள்ள சேற்றில் பனிக்காலம் முழுவதும் இரை தேடுகின்றன. உள்ளான் என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தக் கரைப்பறவைகளை முறையாக எண்ணிப் பதிவு செய்வதற்கான வழிகாட்டி இது.

கடலோரத்து வேலையை வேலூர்க்காரர்கள் ஏன் செய்ய வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நந்தி மலையில் பிறக்கும் பாலாறு தன் பயணத்தில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில்தான் கழிக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல்லாக இன்றும் பேசப்படுகிறது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்களின் அமைப்பு. ஆற்றின் நடுப்பகுதியில் நாம் மணல் அள்ளுவதும், தண்ணீரைத் தடுப்பதும், கழிவை விடுவதும் அதன் வாயை, அதாவது அது கடலில் சேரும் இடத்தை, எட்டாமல் இருக்காது. ஆகவே அதன் வாயில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதிவைக்கும் கடமையில் நமக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

எதை எண்ணப் போகிறோம்?

ஆழமில்லாத நீரிலும் சேற்றிலும் நடந்து இரை தேடும் பறவைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் கூட்டம் பெரியவை: சாம்பல் நாரை, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, வெண்கொக்குகள், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். இவற்றை வேலூர் சுற்றுவட்டார ஏரிகளில் பார்த்துப் பழகியிருப்பீர்கள். எண்ணுவதும் கடினமில்லை. இரண்டாவது கூட்டம் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் வகையறா. இங்கே கோட்டான் என்பது ஆந்தை அல்ல, வளைந்த நீண்ட அலகு கொண்ட கரைப்பறவை. சேற்றின் நிறத்திலேயே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது, பல இனங்கள் ஒன்றாகக் கலந்து மேயும். நம் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கை இந்த இரண்டாவது கூட்டம் வாங்கிக்கொள்ளும்.

இவற்றைப் பிரித்தறிய நிறத்தை நம்பாதீர்கள். டிசம்பரில் ஏறக்குறைய எல்லாமே சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக இருக்கும். அலகையும் நடையையும் பாருங்கள். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும் என்பதால் நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்கள் அலகைச் சேற்றுக்குள் விட்டுத் தொட்டுணர்ந்து தேடுபவை. இவற்றின் அலகு நுனியில் நுண்ணிய உணர்வு உறுப்புகள் உண்டு. பல இனங்களால் அலகின் நடுப்பகுதியைத் திறக்காமல் நுனியை மட்டும் விரித்துப் புழுவைக் கவ்வ முடியும். கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். மேல்சேற்றில் இருப்பதுதான் அதற்கு. கருவால் மூக்கனின் அலகு பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். பெரிய கோட்டானுக்கு அதையும் தாண்டி வளைந்து இறங்கும். நண்டு வளைக்குள் நுழையும் அளவு. ஒரே சேற்றை வெவ்வேறு ஆழத்தில் பங்குபோட்டுக்கொள்வதால்தான் இத்தனை இனங்கள் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் மேய்கின்றன.

முதல் படி: சொந்த ஏரியில் ஒரு பருவம்

நேராகக் கடற்கரைக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். ஜனவரி மாத நண்பகல், கானல் அலையடிக்கும் நேரம், எதிரே அரைக் கிலோமீட்டர் தூரத்தில் சேறு முழுக்கப் புள்ளிகள். அன்று என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது ஒரே சொல்: “ஏராளம்”. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டோடு எதையும் ஒப்பிட முடியவில்லை. நூற்று நாற்பது கிலோமீட்டர் பயணம் வீணானது இன்னும் உறுத்துகிறது.

பழகுவதற்கு நம்மிடம் என்ன குறை? தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரி பழைய வட ஆர்க்காட்டில்தான் இருக்கிறது. இன்று ராணிப்பேட்டை மாவட்டம். வாலாஜா அருகிலுள்ள பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. இன்னொரு கால்வாய் மகேந்திரவாடிக்குப் போகிறது. அங்குள்ள குடைவரைக் கோயில் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரில் ஏரி குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், அந்தக் கரையில் நின்று பறவை பார்ப்பதே தனி அனுபவமாகிவிடும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சதுப்பேரியும், காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர் ஏரியும் போதும்.

ஏரி கோடி போகும் நாட்களில் உள்ளான்களைத் தேட வேண்டாம். நீர் கரையை முட்டி நிற்கும்போது அவை கால் வைக்க இடமில்லை. பாசனத்துக்கு மதகு திறந்து நீர் இறங்க இறங்க, பின்வாங்கும் நீரின் ஓரத்தில் புதிய சேறு வெளிப்படும். நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் அந்தப் பட்டையில்தான் சேரும். காவேரிப்பாக்கத்தில் மதகு பார்க்கும் பெரியவர் ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். போன வாரம் தண்ணீர் எங்கே நின்றது என்று கைத்தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டி, குருவிகள் அந்தக் கோட்டுக்கும் இப்போதைய நீருக்கும் நடுவில்தான் இருக்கும், அதற்கு இந்தப் பக்கம் தேடாதே என்றார். இன்றுவரை அந்தக் கணக்கு எனக்குத் தவறியதில்லை. ஏரியில் வாரங்களில் நடப்பது, ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தால் ஆறு மணி நேரத்தில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை ஒரே ஏரியை மாதம் இருமுறை எண்ணிப் பழகுங்கள். பத்து இனங்களைத் தயங்காமல் சொல்ல முடிந்த பிறகு கடலுக்குக் கிளம்பலாம்.

இரண்டாம் படி: அரிசியில் எண்ணிப் பழகுதல்

இதை வீட்டிலேயே செய்யலாம். கறுப்புத் துணி ஒன்றைத் தரையில் விரியுங்கள். ஒருவர் ஒரு பிடி அரிசியை எண்ணி எழுதிக்கொண்டு துணியில் வீசட்டும். நீங்கள் பத்து விநாடி மட்டும் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லுங்கள். முதல் நாள் என் குழுவில் ஒரு தம்பி 120 என்று சொன்ன குவியலில் 310 அரிசி இருந்தது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக நாம் குறைத்துச் சொல்வது எல்லோருக்கும் பொதுவான பழக்கம்.

திருத்தும் முறை எளிது. முதலில் பத்து அரிசியை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்திருக்கும் பரப்பைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவு பரப்பைப் பத்து முறை நகர்த்தினால் நூறு. நூறின் பரப்பு பிடிபட்டதும் அதை வைத்துக் கூட்டம் முழுவதையும் அளந்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கூட்டத்தின் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைவாகவும் இருக்கும். நடுவில் எடுத்த அளவை ஓரத்தில் பொருத்தினால் கூடும். ஓரத்து அளவை நடுவில் பொருத்தினால் குறையும். நடுவுக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம் செய்தால் உங்கள் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: கையில் என்ன இருக்க வேண்டும்?

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. குழுவுக்குத் தொலைவில் இருப்பதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றும் ஆடாத முக்காலியும். ஸ்கோப் இல்லாமல் கழிமுகத்துச் சிறு உள்ளான்களைப் பிரிப்பது இயலாத காரியம். நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். விரலால் அழுத்தினால் எண் ஏறும் சிறிய எண்ணி ஒன்று, பென்சில், கெட்டி அட்டைக் குறிப்பேடு, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பேனா வேண்டாம், உப்புக் காற்றின் ஈரத்தில் மை கலைந்து ஒரு முழுப் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: இடத்தைக் கூறுபோடுதல்

முதல் பயணத்தில் எதையும் எண்ணாதீர்கள். நடந்து பார்த்து வரைபடம் மட்டும் போடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம், வயலூர் அருகிலுள்ள தடுப்பணை, கரையோரப் பனைகள் போன்ற நகராத அடையாளங்களை எல்லையாக வைத்துப் பரப்பை நாலைந்து கூறுகளாகப் பிரியுங்கள். தடுப்பணைக்கு மேலே இருக்கும் நீரும் அதற்குக் கீழே கடலோடு கலக்கும் நீரும் இரண்டு வேறு உலகங்கள். அவற்றை ஒரே கூறாக வைத்தால் பின்னால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. மணல் திட்டை எல்லையாக வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் அது இடம் மாறிவிடும்.

ஒவ்வொரு கூறுக்கும் நின்று பார்க்கும் இடம் ஒன்றைத் தீர்மானியுங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நம் கடல் கிழக்கே இருப்பதால் இது சிக்கலான விஷயம்: கரையில் நின்று கடலைப் பார்த்தால் காலை வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும், பறவைகள் கறுப்பு நிழல்களாகத் தெரியும். அதனால் காலை எண்ணிக்கைக்கு மேற்கு நோக்கிப் பார்க்கக்கூடிய இடங்களையும், கடல் பக்கத்துக் கூறுகளுக்கு மாலை நேரத்தையும் ஒதுக்கியிருக்கிறோம். தேர்ந்தெடுத்த இடத்தின் ஆயத்தொலைவைச் செல்பேசியில் குறித்துவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் வந்தாலும் அதே இடத்தில் நிற்க முடியும்.

ஐந்தாம் படி: ஓதத்தைப் படித்தல்

கழிமுகத்தில் கடிகாரத்தைவிட ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதுதான் நேரம். கடல் நீர் சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு ஏறுகிறது. அதனால் இன்று காலை ஏழு மணிக்கு ஏற்றம் என்றால் நாளை ஏழு ஐம்பதை ஒட்டி வரும். வேலூரில் இருந்தபடியே முதல் கணக்கைப் போட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் அசையாது. துல்லியமான நேரத்துக்கு இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்துக்கான பக்கத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அவை எழுதப்பட்ட கரைகளில் ஓதம் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். கிலோமீட்டர் கணக்கில் சேறு திறக்கும். நம் சோழமண்டலக் கரையில் பெரிய ஓத நாளிலும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். வெளிப்படும் சேற்றுப் பட்டை குறுகியது. காற்று சற்றுப் பலமாக வீசினாலே நீர்மட்டம் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆகவே அட்டவணையை மட்டும் நம்பாமல், போனதும் நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் எங்கே நிற்கிறது என்று கோடு போடுங்கள். ஆற்று வாய் குறுகலாக இருந்தால் உள்ளே ஏற்றம் கடலைவிடத் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பதை அந்தக் குச்சிதான் சொல்லும்.

இன்னொரு சங்கதி. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஆற்று வாயைத் திறந்துவிடும். மழை நின்று ஆற்றில் நீர்வரத்து அற்றுப்போனதும் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். வாய் மூடியபின் உள்ளே ஓதமே இல்லை! தேங்கிய நீர் வெயிலில் மெல்ல வற்றும், உப்பு ஏறும், சேற்றுப் பட்டை வாரம் வாரமாக விரியும். அப்போது அந்தக் கழிமுகம் நம்மூர் ஏரியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. மதகுப் பெரியவரின் கோட்டுக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்துவதைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு பயணத்திலும் “வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா” என்பதுதான் குறிப்பேட்டின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

வாய் திறந்திருக்கும் காலத்தில் எப்போது எண்ணுவது? முழு வற்றத்தில் பறவைகள் பரப்பு முழுவதும் சிதறிக் கிடக்கும். எந்தச் சேற்றில் எது மேய்கிறது என்று அறிய அது நல்ல நேரம். மொத்த எண்ணிக்கைக்கு ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் சிறந்தது. ஏறும் நீர் பறவைகளைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். உச்ச ஏற்றத்தில் அவை மணல் திட்டில் நெருங்கி நின்று, காற்றுக்கு எதிராகத் திரும்பி, ஒற்றைக்காலில் இளைப்பாறும். எந்த முறையை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்ய முடிந்தால் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள், கூட்டிவிடாதீர்கள்.

ஆறாம் படி: எண்ணும் காலை

வேலூரில் அதிகாலை இரண்டரை மணிக்குக் காரில் கிளம்பினால், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக விடியும்போது கல்பாக்கத்தைத் தாண்டிவிடலாம். பஸ்ஸில் போவதானால் முதல் நாள் இரவே செங்கல்பட்டில் தங்குவது நல்லது.

இடத்துக்குப் போனதும் உட்காருங்கள். பத்து நிமிடம் எதையும் எண்ண வேண்டாம். உங்கள் வரவால் எழுந்த பறவைகள் மறுபடி இறங்கட்டும். பிறகு பைனாகுலரால் பரப்பு முழுவதையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்து, பருந்து ஏதும் சுற்றுகிறதா, நாய்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஆபத்து இருந்தால் உடனே ஒரு தோராய எண்ணை எழுதிவிடுங்கள். கூட்டம் பறந்துவிட்டால் குறைந்தபட்சம் அது கையில் இருக்கும்.

அடுத்து ஸ்கோப்பை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெதுவாக நகர்த்துங்கள். ஒரு சுற்றுக்கு ஓர் இனம், அதிகம் போனால் இரண்டு. பெரிய, எளிதில் பறந்துவிடும் கோட்டானையும் மூக்கனையும் முதலில் முடித்துவிட வேண்டும். நடுத்தர அளவுள்ள பவளக்காலி, பச்சைக்காலி அடுத்து. கொசு உள்ளானும் உப்புக்கொத்திகளும் கடைசி. எண்ணுபவர் கண்ணை எடுக்காமல் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். ஒருவரே எண்ணி ஒருவரே எழுதினால் ஒவ்வொரு முறையும் விட்ட இடம் தவறிப்போகும்.

கூட்டம் கலந்து நிற்கும்போது வேறு வழி: மொத்தத்தை முதலில் எண்ணிவிட்டு, ஸ்கோப்பை அங்கங்கே நிறுத்தி, கண்ணில் படும் நூறு பறவைகளில் எந்த இனம் எத்தனை என்று பாருங்கள். நாலைந்து இடத்தில் அப்படி எடுத்த விகிதத்தால் மொத்தத்தைப் பிரிக்கலாம். பட்டியலில் “விகித முறை” என்று குறிப்பிடுவது அவசியம்.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடிந்தபின் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சராசரியை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் மறுபடி எண்ணுங்கள். வயதில் மூத்தவர் சொன்ன எண்ணே சரி என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த இடத்தில் மட்டும் அது வேண்டாம்.

எண்ணி முடித்தபின் ஒரு பறவையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். போன டிசம்பரில் நான் பார்த்தது ஒரு வளைமூக்கு உள்ளான். வயிறு வரை நீரில் நின்றுகொண்டு, தையல் இயந்திரத்தின் ஊசி போல அலகை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. தலை கண் வரைக்கும் சேற்றுக்குள் போனது. பிறகு மெதுவாக, அறுந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு இழுத்தது. சிவந்த புழு ஒன்று நூலாக நீண்டு வந்தது. அதை நீரில் இருமுறை அலசிவிட்டு விழுங்கியது. அடுத்த புழுவுக்கு நாற்பது விநாடி ஆனது. ஏப்ரலில் இதே பறவையின் மார்பு செங்கல் நிறமாக மாறும். அதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். நம் காலடிச் சத்தத்தில் அது ஒருமுறை எழுந்து பறந்தால் எத்தனை புழு நட்டம் என்று அன்று எனக்குப் புரிந்தது.

குழப்பும் இணைகள்

பச்சைக்காலியின் அலகு தடித்து, நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்; அதன் சிறிய உறவான சதுப்பு உள்ளானுக்கு ஊசி போல மெல்லிய நேர் அலகு. பெரிய கோட்டானைவிடச் சிறிய விம்ப்ரல் கோட்டானின் தலையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஏழு முறை அடுக்கடுக்காகச் சீட்டியடிப்பது போலக் கத்தும். இரு மூக்கன்களையும் பறக்கும்போது பிரியுங்கள்: சிறகில் அகலமான வெள்ளைப் பட்டையும் கறுத்த வால் நுனியும் இருந்தால் கருவால் மூக்கன்; சிறகில் பட்டை இல்லை என்றால் பட்டைவால் மூக்கன். பவளக்காலி பறந்தால் சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை தெரியும். கென்டிஷ் உப்புக்கொத்தியின் மார்புப் பட்டை முன்னால் இணையாமல் இரு பக்கமும் நின்றுவிடும். பட்டாணி உப்புக்கொத்திக்கு முழு வளையம், கண்ணைச் சுற்றி மஞ்சள்.

இதற்கு மேலும் தெரியவில்லை என்றால் “இனம் தெரியாத உப்புக்கொத்தி 46” என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

காலில் நிறக்கொடி கட்டிய பறவை தென்பட்டால் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. மற்ற நாடுகளிலும் இடுகிறார்கள். கொடியின் நிறம், வலக்காலா இடக்காலா, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று எழுதிப் படமும் எடுத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கூறின் பெயர், எண்ணியவர்கள், வாய் திறப்பு, ஓத நிலை, குச்சிக் கோடு, காற்றின் திசை, வெளிச்சம், சேற்றுப் பட்டையின் அகலம், நடமாட்டம்: இவ்வளவும் பறவைப் பெயர்களுக்கு முன்பே வந்துவிட வேண்டும். நடமாட்டம் என்றால் வலை வீசுவோர், மேயும் எருமைகள், நாய்கள், வாகனம், பட்டாசு எதுவானாலும் எத்தனை, எந்நேரம் என்று எழுதுவது. இனங்களின் பெயரை முன்கூட்டியே வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். காணாத இனத்துக்கு நேரே வெற்றிடம் விடாமல் பூஜ்யம் போடுங்கள். வெற்றிடத்தைப் பார்க்கும் பிற்காலத்தவருக்கு அந்த இனம் இல்லையா, நீங்கள் பார்க்க மறந்தீர்களா என்று தெரியாது.

அங்கே நடந்துகொள்ள வேண்டிய விதம்

கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டுப்பாடுகள் உண்டு. ட்ரோன் எடுத்துப் போகவே கூடாது. நிலையம் இருக்கும் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். முதல் முறை போகும்போது காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டால், முக்காலியும் ஸ்கோப்புமாக நிற்பவர்களைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்குள்ள மீனவர்களை அண்ணா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். வாய் எந்த வாரம் மூடியது, எங்கே சேறு ஆழம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை என் நண்பரின் கால் முட்டிக்கு மேல் புதைந்தபோது துடுப்பை நீட்டி இழுத்தவர் அவர்களில் ஒருவர். சேற்றுக்குள் தனியாக இறங்காதீர்கள். வாய்க்கு அருகில் ஈர மணலில் நடக்கவே வேண்டாம்.

பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை மணல் திட்டில் கால் வைக்கக் கூடாது. உப்புக்கொத்தி, ஆள்காட்டி, ஆலா போன்றவை வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். வேலூரில் பாலாற்று மணலில் நடக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பதிவை எங்கே சேர்ப்பது?

வீட்டுக்கு வந்த அன்றே, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு கூறுக்கும் தனிப்பட்டியல், ஒவ்வொரு முறையும் அதே இடப்பெயர். எண்ணுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போடும் வசதி அதில் உண்டு. அதை நம் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்துவருகிறது. அதற்கும், வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்புக்கும் உங்கள் எண்களைக் கொடுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் எண்ணுகிறார்கள். அந்த நான்கு நாட்களை உள்ளூர் ஏரிகளுக்கு ஒதுக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

மூன்று ஆண்டு முடிவதற்குள் “குறைந்துவிட்டது” என்றோ “கூடிவிட்டது” என்றோ பேச வேண்டாம். ஒரு மழை பொய்த்தாலே எண்கள் தலைகீழாகும். ஒப்பிடும்போது ஜனவரியை ஜனவரியோடும், திறந்த வாயைத் திறந்த வாயோடும், ஏற்றத்தை ஏற்றத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். வெவ்வேறு நாட்களின் எண்களைக் கூட்டி “இந்த ஆண்டு மொத்தம்” என்று எழுதுவது பெரும் பிழை. ஒரே பறவையை நாலு முறை எண்ணியிருப்பீர்கள்.

ஆண்டின் நாட்காட்டி

ஆகஸ்ட் கடைசியில் இருந்து அக்டோபர் வரை வருகைக் காலம். மாதம் இருமுறை போக முடிந்தால் நல்லது. நவம்பரில் மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை கட்டாயம். மார்ச் கடைசியும் ஏப்ரலும் திரும்பும் காலம். நிறம் மாறிய பறவைகளைப் பார்க்க இதுவே தருணம். மே, ஜூன், ஜூலையில் பெரும்பாலோர் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இன்னும் இனப்பெருக்க வயதை எட்டாத இளம் பறவைகள் சில வடக்கே போகாமல் இங்கேயே தங்கும். அவை எத்தனை என்று எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு.

கோடையில் போகும் எங்கள் குழுவில் இரண்டு பேர்தான் இருப்போம். பட்டியலில் வரிசையாகப் பூஜ்யம், நடுவில் எங்கோ “பவளக்காலி 3”. அதற்கடுத்து ஆகஸ்ட் கடைசி வாரத்தில் காவேரிப்பாக்கம் கரைக்குப் போவோம். மதகுக்கு அருகே வற்றிய சேற்றில், துருவ நாட்டுச் செம்பழுப்பு இன்னும் முதுகில் ஒட்டியிருக்கும் முதல் கொசு உள்ளான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த அமாவாசை எந்தக் கிழமை என்று நாட்காட்டியைப் புரட்டுவோம்.